பழைய காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி: பணம் கட்டுவதற்கு முன் விதிமுறையை வாங்கிப் படியுங்கள்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது விலை பேசி முடித்து, அட்வான்ஸும் கொடுத்த பிறகுதான் இந்தப் பேச்சை எடுப்பார்கள். “ஒரு வருஷத்துக்கு வாரண்டி போட்டுக்கங்க சார். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாமே கவர் ஆயிரும். எது வந்தாலும் எங்க பொறுப்புங்க.” கோவையில் ஒரு பெரிய ஷோரூமில் எனக்குச் சொன்னது இது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயர் இப்போது வேண்டாம். வரியோடு 16,500 ரூபாய் வாங்கினார்கள். லோனிலேயே சேர்த்துவிடலாம் என்றும் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாரண்டிக்கும் சேர்த்து வட்டி கட்டுவானேன்?

விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டேன். “மெயில்ல வந்துரும் சார்” என்றார் சேல்ஸ் பையன். வந்தது, பணம் கட்டி ரசீது போட்ட பிறகு. பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக ஆங்கிலம். அதில் எது கவர் ஆகும் என்பது அரைப் பக்கம், எது ஆகாது என்பதுதான் மீதி.

கார் ஏஎம்டி கியர் உள்ளது. 2014-ல் மாருதி செலேரியோவோடு நம் நாட்டில் பரவ ஆரம்பித்த வகை. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். நம் காலும் கையும் செய்கிற வேலையை, அதாவது கிளட்ச் அமுக்குவதையும் கியர் மாற்றுவதையும், ஆக்சுவேட்டர் என்ற பாகம் செய்துவிடும். அப்படியானால் இந்த ஆக்சுவேட்டர் கியர்பாக்ஸில் சேர்த்தியா, கிளட்ச்சில் சேர்த்தியா? காரை விற்கும்போது கியர்பாக்ஸ். க்ளெய்ம் கேட்கும்போது கிளட்ச். என் வழக்கே இவ்வளவுதான்.

சில மாதம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் சிக்னலில் கியர் விழவே இல்லை, வண்டி நியூட்ரலிலேயே நின்றுவிட்டது. கட்டி இழுத்துக்கொண்டு போய் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டோம். ஆக்சுவேட்டரில் ஆயில் கசிவு, மாற்ற வேண்டும், 38,000 ரூபாய் ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். வாரண்டிக்காரர்களைக் கூப்பிட்டால், அவர்கள் அனுமதி தராமல் எதையும் கழற்றக் கூடாது. கழற்றிப் பார்த்தால்தான் காரணம் தெரியும். கழற்றிய பிறகு க்ளெய்மை நிராகரித்தால் அந்தக் கூலி நம் தலையில். எல்லாமே அந்த மெயிலில் இருக்கிறது.

முதல் பதில்: கசிவுக்குக் காரணம் ஆயில் சீல், சீல்களும் கேஸ்கட்களும் கவர் ஆகாது. சர்வீஸ் சென்டர் அட்வைசர், சீல் தனியாக வருவதில்லை, மொத்த யூனிட்டாகத்தான் மாற்ற வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார். அடுத்த பதில்: கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது, தேய்மானப் பாகத்தால் மற்ற பாகத்துக்கு வரும் சேதத்துக்கும் நாங்கள் பொறுப்பில்லை. ஓடிய காரில் தேயாத கிளட்ச் பிளேட் எங்கே இருக்கிறது? அதற்கும் எதிர்த்து எழுதியபோது மூன்றாவதாக ஒன்றை எடுத்தார்கள். சர்வீஸ் ரெக்கார்டில் இடைவெளி இருக்கிறதாம். அந்த இடைவெளி எது தெரியுமா? டெலிவரிக்கு முன் ஷோரூமே தன் ஒர்க்‌ஷாப்பில் செய்த சர்வீஸ். பில் கேட்டபோது “இது எங்க உள்வேலை, பில் வராது சார்” என்று சொன்ன அதே சர்வீஸ்.

ஷோரூமில் போய்க் கேட்டால், வாரண்டி வேறு கம்பெனியுடையது, நாங்கள் போட்டுக்கொடுப்பதோடு சரி என்று கைகழுவினார்கள். “எங்க பொறுப்புங்க” என்ற ஆள் அப்போது வேறு கிளைக்குப் போய்விட்டாராம்.

அப்படியானால் பழைய காருக்கு வாரண்டியே வேண்டாமா? என்னைக் கேட்டால், இந்த மாதிரி மூன்றாம் ஆள் போடுகிற வாரண்டி பெரும்பாலும் வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பங்கைச் செலவழித்து, கடைக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். வண்டி நம்பரைக் கொடுத்து, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளைக் கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் எத்தனை கிலோமீட்டர் என்று பதிந்திருப்பார்கள், மீட்டரைத் திருப்பியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். மீதிப் பணம் ரிப்பேருக்கு உதவும். போட்டே ஆக வேண்டும் என்றால், விதிமுறையைப் பணம் கட்டுவதற்கு முன்பே வாங்கி, ஒரு க்ளெய்முக்கு உச்சவரம்பு எவ்வளவு, முதல் எத்தனை நாளைக்குக் க்ளெய்ம் கிடையாது என்ற இரண்டையும் பாருங்கள். உங்கள் காரில் அடிக்கடி போகிற பாகம் எது என்று மெக்கானிக்கிடம் கேட்டு, அந்தப் பாகத்தின் பெயரைச் சொல்லி “இது கவர் ஆகுமா?” என்று கடைக்கு மெயில் அனுப்பிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லாக வந்தால் வராததற்குச் சமம்.

காரைத் தயாரித்த கம்பெனியே கொடுத்த வாரண்டி மிச்சம் இருந்தால் அது வேறு கதை. பல கம்பெனிகளில் அதைப் புது ஓனர் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியும். ஆர்சி மாறியதும் சர்வீஸ் சென்டரில் கேட்டு உடனே மாற்றிவிடுங்கள். அதற்காகக் காரின் விலையில் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

என் விஷயத்தில் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். கம்பெனி அதே பதிலைத்தான் திருப்பி அனுப்பியது. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாரண்டி கம்பெனியோடு ஷோரூமையும் எதிர்மனுதாரராகச் சேர்த்திருக்கிறேன், ரசீது ஷோரூம் பெயரில்தான் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறையில் வருகிறது. அந்த “பில் வராது” சர்வீஸைத்தான் மனுவில் முதல் குற்றச்சாட்டாக வைத்திருக்கிறோம். இரண்டு தரப்புக்கும் நோட்டீஸ் போயிருக்கிறது, இன்னும் பதில் மனு வரவில்லை.