கீழ ஒரு சொட்டு இல்ல, கூலண்ட் மட்டும் குறையுது

நான் ஓட்டிட்டிருக்கற அதே மாடல் காரை செகண்ட்ஹேண்ட்ல ஒன்னு பார்த்து வச்சிருக்கான் என் ஃப்ரெண்டு, "மச்சான் நீ இத்தன வருஷமா வச்சிருக்க, சொல்லு, வாங்கலாமா"ன்னு கேட்டான். இன்ஜின் எப்படி இழுக்கும், மைலேஜ் என்ன, பின்னாடி சீட்ல எத்தன பேர் உட்காரலாம்னு எல்லாம் அவனுக்கே தெரியும், அதுல நான் சொல்ல ஒன்னும் இல்ல. ஆனா என் கார்ல இப்பதான் ஒரு ரிப்பேர் முடிஞ்சிருக்கு, அது முடியறதுக்குள்ள பட்ட பாட்ட அவனுக்கு மட்டும் சொல்லி என்ன, பழைய கார் வச்சிருக்கற எல்லாருக்கும் உதவும்னு தோணுச்சு. கம்பெனி பேர் வேணாம், இதே டிசைன் பல கம்பெனி கார்ல இருக்கு.

பிரச்சனை இதுதான். இன்ஜின் சூட்ட எடுத்துட்டு போய் ரேடியேட்டர்ல ஆத்தற திரவம், அதான் கூலண்ட், குறையும். கூலண்ட் டேங்க்ல மேக்ஸ் கோடு வரைக்கும் ஊத்தி வச்சா கொஞ்ச வாரத்துல மின் கோட்டுக்கு வந்து நிக்கும். வண்டி நிக்கற இடத்துல தரையில ஒரு சொட்டு கிடையாது. சைலன்சர்ல வெள்ளப் புகை இல்ல, ஆயில் சுத்தமா இருக்கு, டெம்பரேச்சர் முள்ளு நடுவுல நிக்குது, அசையல. பானெட்ட தூக்கி கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் ஈரம் தெரியாது. அப்ப அவ்ளோ தண்ணியும் எங்கதான் போகுது?

முள்ளு நடுவுல நிக்குதேன்னு நிம்மதியா இருக்கறவங்களுக்கு ஒன்னு. நிறைய கார்கள்ல அந்த மீட்டர் நிஜ சூட்ட அப்படியே காட்டாது, நார்மல்னு வச்சிருக்கற ஒரு ரேஞ்சுக்குள்ள கூலண்ட் எவ்ளோ ஏறி இறங்கினாலும் முள்ளு அசையாம நடுவுலயே நிக்கற மாதிரிதான் செட் பண்ணியிருப்பாங்க. அத விட மோசம், கூலண்ட் ரொம்ப இறங்கி சென்சார் காத்துல தொங்குச்சுன்னா அது சரியா ரீடிங்கே தராது, இன்ஜின் கொதிச்சிட்டிருக்கும்போது முள்ளு கம்முனு இருக்கும். கார் கம்ப்யூட்டர் சாக்கெட்ல மாட்டற ஒரு சாதாரண ஓபிடி ரீடர் வாங்கி போன்ல நிஜ டிகிரிய பாருங்க, பழைய காருக்கு அது ரொம்ப அவசியம்.

லெவல் பாக்கறதுலயும் ஒரு ஒழுங்கு வேணும். சூடான கூலண்ட் விரிஞ்சு மேல நிக்கும், ஆறினா இறங்கும், ஒரு நாள் சாயங்காலம் பார்த்துட்டு இன்னொரு நாள் காலைல பார்த்தா குறைஞ்ச மாதிரிதான் தெரியும். ராத்திரி முழுக்க நின்ன வண்டி, அதே சமதரை, காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, டேங்க் மேல மார்க்கர்ல ஒரு கோடு. இத செஞ்சப்புறம்தான் நிஜமாவே குறையுதா இல்லையான்னு பேசலாம். இன்னொன்னு, குறையுதுன்னு வெறும் தண்ணியா ஊத்திட்டே வராதீங்க. கூலண்ட்ல இருக்கற துருப்பிடிக்காம காக்கற மருந்து ஒவ்வொரு தடவையும் நீர்த்துப் போகும், அப்புறம் உள்ள அலுமினியமும் வாட்டர் பம்பும் அரிக்க ஆரம்பிக்கும். மேனுவல்ல எந்த வகைன்னு போட்டிருக்கோ அதே வகை, கலக்கற தண்ணியும் மினரல் நீக்கின தண்ணி. கலர் ஒன்னா இருக்கேன்னு வாங்கிடாதீங்க, கலருக்கு எந்த ஸ்டாண்டர்டும் கிடையாது, பச்சைன்னா இது சிவப்புன்னா அதுன்னு எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி போடறதில்ல.

இப்ப எனக்கு ஆத்திரம் வர்ற இடத்துக்கு வரேன். யார்கிட்ட கேட்டாலும் ஒரே பதில், "ஹெட் கேஸ்கட் போயிருக்கும் சார்". இன்ஜின் பிளாக்குக்கும் அது மேல உட்கார்ற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற சீல்தான் அது. ஒரு ஒர்க்‌ஷாப்ல பானெட்ட தூக்கினதும் இத சொன்னாங்க, இன்ஜினயே பார்க்கல, வண்டி வருஷத்த கேட்டாங்க, ஹெட்ட கழட்டணும்னாங்க. ஹெட் கழட்டறதுன்னா சின்ன வேலையா? டைமிங் பக்கம் பிரிக்கணும், போல்ட் புதுசு போடணும், ஹெட் வளைஞ்சிருக்கான்னு பார்த்து தேவைன்னா மெஷின்ல பிளேன் பண்ணணும். சந்தேகத்துல செய்யற வேலையா அது?

ஹெட் கேஸ்கட் போனா அதுக்குன்னு அறிகுறி இருக்கு, டெஸ்ட் இருக்கு. ராத்திரி நின்ன வண்டில காலைல மேல் ரேடியேட்டர் ஹோஸ அழுத்திப் பார்த்தா கல்லு மாதிரி விறைப்பா இருக்கும், ஏன்னா சிலிண்டர்ல இருந்து கேஸ் உள்ள தள்ளின பிரஷர் ஆறினப்புறமும் இறங்காம நிக்கும். இன்ஜின் ஓடும்போது டேங்க்ல விடாம குமிழி வரும். ஸ்பார்க் பிளக் எல்லாத்தயும் கழட்டி வரிசையா வச்சா ஒன்னு மட்டும் ஆவில கழுவின மாதிரி பளிச்சுனு இருக்கும். ஆயில் மூடிக்கு அடியில வெண்ணெய் மாதிரி படிஞ்சிருந்தா உடனே பயந்துடாதீங்க, கிட்ட கிட்ட மட்டும் ஓட்டற வண்டில ஈரம் வெளிய போக நேரம் இல்லாம அப்படி ஆகும், டிப்ஸ்டிக்லயும் பால் கலந்த மாதிரி இருந்தாதான் கவலைப்படணும்.

அப்புறம் அந்த நீல திரவ டெஸ்ட். டேங்க் வாய்ல ஒரு டியூப் வச்சு உள்ள இருக்கற காத்த நீல திரவம் வழியா இழுப்பாங்க, எரிஞ்ச கேஸ்ல இருக்கற கார்பன் டை ஆக்சைடு பட்டா அது மஞ்சளாகும். என் கார்ல இன்ஜின் நல்லா சூடாகி தெர்மோஸ்டாட் (சூடானா ரேடியேட்டருக்கு வழி விடற வால்வு) திறந்தப்புறம் நானே கூட நின்னு பார்த்தேன். நீலம் நீலமாவே இருந்துச்சு. லோடு ஏறும்போது மட்டும் கசியற சின்ன ஓட்டைய இந்த டெஸ்ட் சில சமயம் தவற விடும், அது உண்மைதான். ஆனா ஹோஸும் காலைல மெத்துனு இருக்கு, பிளக்கும் எல்லாம் ஒரே நிறம், குமிழியும் இல்லன்னா ஹெட்ட ஏன் கழட்டணும்?

கூலண்ட் டேங்க் மூடிய முதல்ல மாத்திட்டேன், அது எப்பவும் முதல்ல செய்ய வேண்டியது. அந்த மூடிய வெறும் மூடின்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது ஒரு வால்வு. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் சாதாரணமா 107 டிகிரி கிட்ட கொதிக்கும், 15 பிஎஸ்ஐ மூடி பிரஷர பிடிச்சு வச்சாதான் அது கிட்டத்தட்ட 129 டிகிரி வரைக்கும் தாங்கும். ரப்பர் செத்துப்போன மூடி அந்த பிரஷர விட்டுடும், கூலண்ட் ஆவியா வெளிய போகும், தரையில அடையாளமே இருக்காது. என் கார்ல புது மூடி போட்டும் லெவல் இறங்குச்சு.

ஹீட்டர் கோரும் பார்த்தாச்சு, காருக்குள்ள சூடான காத்து தர்றதுக்கு கூலண்ட் ஓடற சின்ன ரேடியேட்டர் அது. அது கசிஞ்சா காருக்குள்ள ஒரு தித்திப்பு வாசன வரும், முன் கண்ணாடில உள்பக்கம் துடைச்சாலும் பிசுபிசுன்னு ஒரு படலம் நிக்கும், முன்னாடி கார்பெட் அடியில ஈரம் இருக்கும். ஏசி தண்ணி குழாய் அடைச்சாலும் கார்பெட் நனையும், அது வெறும் தண்ணி, தொட்டா வழவழப்பு இருக்காது. எங்க கார்பெட் காஞ்சு கிடந்துச்சு. வாட்டர் பம்புக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ள சீல் போனா அது வழியா ஒழுகி கறை பிடிக்கும், அதுலயும் கறை இல்ல.

மிச்சம் இருந்தது பிரஷர் டெஸ்ட், மூடி இருக்கற இடத்துல மீட்டர் வச்ச கைப்பம்ப மாட்டி காத்தடிச்சு, மீட்டர் முள்ளு இறங்குதான்னு பாக்கறது. என்னைக் கேட்டா இத எப்படி செய்யறாங்கன்றதுலதான் மொத்த விஷயமும் இருக்கு. அதே ஒர்க்‌ஷாப்ல இதையும் செஞ்சாங்க. வண்டி ஓடி வந்து, மூடி திறக்கற அளவுக்கு மட்டும் ஆறினதும் பம்ப மாட்டி அடிச்சாங்க, கொஞ்ச நேரம் பார்த்தாங்க, முள்ளு பெருசா இறங்கல, "பாருங்க வெளிய லீக் இல்ல, அப்ப உள்ளதான்"னு மறுபடியும் ஹெட் கேஸ்கட்டுக்கே வந்துட்டாங்க. சூடா இருக்கும்போது பிளாஸ்டிக்கும் ரப்பரும் விரிஞ்சு இறுக்கமா இருக்கும், ஆறும்போதுதான் சுருங்கி இடைவெளி விடும். சில லீக் ஆறின இன்ஜின்லதான் கசியும். வண்டிய ராத்திரி அங்கயே விடறேன், காலைல முழுக்க ஆறினப்புறம் அடிச்சு பாருங்கன்னு கேட்டேன், தேவையில்லன்னாங்க. அந்த பதில இன்னைக்கு நினைச்சாலும் கோவம் வருது.

வேற ஒரு வயசான மெக்கானிக்கிட்ட கொண்டு போனேன். அவர் ஹெட் கேஸ்கட் பேச்சே எடுக்கல. நீல டார்ச் அடிச்சா ஒளிர்ற யூவி சாயம் கொஞ்சம் கூலண்ட்ல ஊத்தி "சும்மா வழக்கம்போல ஓட்டுங்க, அப்புறம் ராத்திரி வண்டிய இங்க விட்டுட்டு போங்க"ன்னார். காலைல நான் போனப்ப பச்சைத் தண்ணியா ஆறிக் கிடந்த இன்ஜின்ல, மூடி மேல போட்டிருக்கற அளவுக்கு மட்டும் பிரஷர் ஏத்தினார், அதுக்கு மேல ஏத்தினா நல்லா இருக்கற இடமும் பிச்சுக்கும். முதல்ல ஒன்னும் இல்ல. டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா முள்ளு இறங்கியிருக்கு. ஆறின இன்ஜின்ல அடிச்சதால கூலண்ட் சுருங்கி இறங்கினதுன்னு சொல்லவே முடியாது, கசிவுதான்.

இடம் எங்க தெரியுமா, ஹெட்டுக்கு பின்னாடி, கியர்பாக்ஸ் பக்கம், கூலண்ட் வெளிய வர்ற வாய்ல மாட்டியிருக்கற பிளாஸ்டிக் இணைப்பு, ஃபிளேன்ஜ்னு சொல்வாங்க. மேல இருந்து பார்த்தா தெரியாது, கீழ இருந்து பார்த்தாலும் தெரியாது. காம்புல மாட்டின சின்ன கண்ணாடிய உள்ள விட்டு நீல டார்ச் அடிச்சார், ஃபிளேன்ஜோட கீழ் விளிம்புல ஒரு நகம் அகலத்துக்கு மஞ்சப்பச்சையா ஒளிர்ந்துச்சு. சாதா டார்ச்ல அதே இடத்த பார்த்தா வெள்ளையும் ரோஸுமா, பழைய சுவத்துல உப்பு பூத்த மாதிரி பொருக்கு. அதுல இருந்து ஒரு கோடு கியர்பாக்ஸ் கூடு மேல இறங்கி ஒரு சின்னக் குழிக்குள்ள போய் முடிஞ்சுது. அவ்ளோதான், அந்தக் குழிதான் மொத்த கூலண்டயும் குடிச்சிட்டிருந்திருக்கு. வண்டி நின்னதும் ஃபிளேன்ஜ் ஆறி சுருங்குது, உள்ள பிரஷர் இன்னும் இருக்கு, சொட்டுது, கீழ கூடு இன்னும் சூடா இருக்கு, அங்கயே ஆவியாகி பொருக்கு மட்டும் மிஞ்சுது. தரைக்கு எப்படி வரும்?

கழட்டி கையில வாங்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் நிறம் மாறி, உட்காரற முகம் வளைஞ்சிருக்கு, கசியாம அடைக்கற ரப்பர் வளையம், அதான் ஓ-ரிங், உருண்டையா இருக்க வேண்டியது தட்டையா, நகத்தால அழுத்தினா பள்ளமே விழல. பார்ட் உள்ளங்கையில அடங்கிடுது. அத எடுக்க பேட்டரி, பேட்டரி டிரே, ஏர் ஃபில்டர் பாக்ஸ் எல்லாம் கழட்டணும், அதுலயும் ஒரு போல்ட் கண்ணால பாக்காம கைத்தடவல்லயே எடுக்கணும்.

நியாயமா பேசணும்னா, பிளாஸ்டிக் லேசு, துருப்பிடிக்காது, இத்தன வருஷம் அது உழைச்சிருக்கு, கூலண்ட ஒழுங்கா மாத்தலன்னா அலுமினியம் கூட அரிச்சு ஓட்டை விழும். எல்லாம் சரி. ஆனா இன்ஜின்ல இருந்து கொதிக்கக் கொதிக்க கூலண்ட் வெளிய வர்ற வாசல்ல, யார் கண்ணுக்கும் தெரியாத இடத்துல, கெட்டுப் போகும்னு தெரிஞ்ச ஒரு பார்ட்ட வைக்கலாமா? முன்பக்கம் வச்சிருந்தா எந்த ஓனரும் ஈரத்த ஒரே வாரத்துல கண்டுபிடிச்சிருப்பான். இந்த ஒரு இடத்துக்காக எத்தன நல்ல இன்ஜின சந்தேகத்துலயே பிரிச்சுப் போட்டிருப்பாங்கன்னு நினைச்சா வயிறு எரியுது. நான் அலுமினியத்துல வர்ற மாற்று ஃபிளேன்ஜதான் போட்டேன், ஓ-ரிங்கும் புதுசு.

ரிப்பேர் முடிஞ்சதும் முதல் கொஞ்சம் ஓட்டத்துக்கு லெவல் லேசா இறங்குச்சு. அது உள்ள மாட்டின காத்து வெளிய வர்றது, பயப்பட வேணாம், காலைல ஆறினப்புறம் நிரப்பிட்டே வாங்க. அப்புறம் நின்னுடுச்சு. மார்க்கர் கோட்டுலயே நிக்குது.

லீக்க அடைக்கற பாட்டில் மருந்து ஊத்தலாமேன்னு கேட்டவங்களுக்கு, வேணாம். ஓட்டைய அடைக்கற அதே பொருள் ஹீட்டர் கோர் சின்னக் குழாயையும் அடைக்கும். அப்புறம், வடிச்ச பழைய கூலண்ட திறந்த தட்டுல விட்டுட்டு போகாதீங்க, எத்திலீன் கிளைக்கால் தித்திப்பா இருக்கும், நாய் பூனை நக்கும், கொஞ்சம் போனாலே கிட்னி போய் செத்துடும். தயவுசெஞ்சு மூடி வைங்க.

இப்ப ஃப்ரெண்டுக்கு பதில். ஓட்டறதுக்கு இந்த மாதிரி ஒரு கார் எனக்கு இது வரைக்கும் அமையல, ஸ்டீயரிங் கைக்கு பேசும், இன்ஜின் இன்னும் பட்டு மாதிரி சுத்துது, நான் விக்க மாட்டேன். ஆனா நீ வாங்காத. இப்போதைக்கு என் மனசு அப்படித்தான் சொல்லுது. மீறி வாங்கறன்னா, ஓனர்கிட்ட சொல்லி வச்சுட்டு காலைல அவர் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி போ, ஹோஸ அழுத்திப் பாரு, கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துட்டு போய் ஹெட்டுக்கு பின்னாடி பொருக்கு இருக்கான்னு பாரு, முடிஞ்சா பிரஷர் பம்ப் உள்ள மெக்கானிக்கையும் கூட்டிட்டு போ. நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருந்தார்னா அன்னைக்கு பார்க்காத, இன்னொரு நாள் வரேன்னு சொல்லிட்டு வந்துடு.