கல்குவாரியில் எச்.ஆர்.சி பியூஸ்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பல்லடம் பக்கம் புதிதாக எம்-சாண்ட் பிளான்ட் போடும் நண்பர் ஒருவர் பேனல் போர்டு கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "எல்லாத்துக்கும் எம்.சி.சி.பி போட்டிருக்காங்க. உங்க குவாரியில இன்னும் பியூஸ்தானே ஓடுது, எது தேவலாம்?" என்று கேட்டார். (எம்.சி.சி.பி என்பது கோளாறு வந்தால் தானாக இறங்கி, திரும்பத் தூக்கிவிடக்கூடிய பிரேக்கர் சுவிட்ச்.) கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு முந்தின வாரம்தான் குழி மோட்டார் ஒன்று எரிந்து, வைண்டிங் கடைக்குப் போய் வந்திருந்தது. போனில் சொல்லப் போனால் பாதி திட்டாகவே போகும் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுடையது க.பரமத்தி பக்கம் ஒரு நடுத்தர ஜல்லிக் குவாரி. குழியில் தேங்கும் தண்ணீரை இறைக்க 20 எச்.பி மோட்டார், மேலே 100 எச்.பி ஜா கிரஷர், கன்வேயர்களுக்குச் சின்ன மோட்டார்கள், சொந்தமாக 500 கேவிஏ டிரான்ஸ்பார்மர். மோட்டார் லைன் எல்லாமே சுவிட்ச் பியூஸ் யூனிட் (சுவிட்சும் பியூஸும் ஒன்றாக இருக்கும் பெட்டி) வழியாகத்தான் போகிறது. மின்சாரப் பக்கம் என் பொறுப்பு.

பழைய ஷெட்டில் பீங்கான் பியூஸ் கட்டைகள் இருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு எச்.ஆர்.சியின், அதாவது பெரிய ஷார்ட் கரண்டையும் வெடிக்காமல் வெட்டும் பியூஸின், அருமை தெரியும். 500 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் முழு லோடு கரண்ட் சுமார் 667 ஆம்பியர். அதன் இம்பிடன்ஸ் (உள் தடை) நாலரை, ஐந்து சதவீதம் என்றால், பேனலுக்குப் பக்கத்தில் ஷார்ட் ஆகும்போது 13, 14 ஆயிரம் ஆம்பியர் பாயத் தயாராக நிற்கிறது. ஒயர் சுற்றிய பியூஸ் கட்டை தாங்குவது சில ஆயிரம்தான். அதற்கு மேல் போனால் கட்டை வெடித்து, உருகிய செம்பு எதிரே நிற்பவன் முகத்தில் தெறிக்கும். எச்.ஆர்.சி பியூஸின் உடம்பில் 80 கேஏ, அதாவது 80 ஆயிரம் ஆம்பியர் வரை வெட்டும் என்று அச்சடித்திருப்பார்கள். எங்கள் டிரான்ஸ்பார்மர் என்ன குதித்தாலும் அந்த எண் பக்கம் போகாது.

போன பியூஸ் ஒன்றை ஒருநாள் வைஸில் பிடித்து உடைத்துப் பார்த்தேன். உள்ளே நிரப்பியிருப்பது சுத்தமான குவார்ட்ஸ் மணல். நடுவே இடையிடையே துளை போட்ட மெல்லிய உலோகப் பட்டை. ஷார்ட் வந்ததும் துளைக்குப் பக்கத்தில் குறுகலாக இருக்கும் கழுத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் உருகி, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன நெருப்புப் பொறி எழும்பும். அந்தச் சூட்டை மணல் குடித்துக்கொள்ளும். உடைத்தபோது பட்டை இருந்த இடத்தில் மணல் உருகி இறுகி, கற்கண்டுக் கட்டி போல ஒரு குச்சியாக நின்றது. தட்டினால் கண்ணாடிச் சத்தம். சுற்றி இருந்த மணலோ பொலபொலவென்று அப்படியே கொட்டியது. வெளியே பீங்கானில் ஒரு கீறல்கூட இல்லை. பெரிய ஷார்ட்டில் இத்தனையும் 50 சைக்கிள் கரண்டின் அரை அலைக்குள், அதாவது 10 மில்லி செகண்டுக்குள் நடந்து முடிகிறது. கரண்ட் தன் முழு உச்சியைத் தொடுவதற்குள்ளேயே வெட்டிவிடும் என்பதால் கேபிளுக்கும், மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் கான்டாக்டருக்கும் சேதம் குறைவு. டிப்பர் லாரி குழி கேபிள் மேல் ஏறி இறங்கி, உள்ளே மூன்று கோரும் (தனித்தனி ஒயர்கள்) ஒன்றோடொன்று நசுங்கிய ஒரு நாளில், வெட்டி ஜாயின்ட் போட வேண்டியிருந்தது நசுங்கிய அந்த முழத் துண்டை மட்டும்தான். பேனலில் கான்டாக்டர் முனைகள் பளபளவென்று இருந்தன.

இதெல்லாம் கேட்லாக்கில் இருப்பது. கேட்லாக்கில் இல்லாத ஒரு உபயோகத்துக்காகத்தான் எனக்கு இந்தப் பியூஸ் மேல் உண்மையான பிரியம்.

ஜா கிரஷர் வாயில் பெரிய கல் சிக்கிக்கொண்டால் ஒருவன் உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும். செயின் கட்டித் தூக்க வேண்டும், இல்லை சம்மட்டியால் உடைக்க வேண்டும். அந்த நேரத்தில் மேலே பேனல் ரூமில் எவனாவது சுவிட்சைப் போட்டால் கதை முடிந்தது. போர்டு மாட்டு, பூட்டுப் போடு என்று எத்தனையோ சொல்கிறார்கள், செய்யவும் வேண்டும். எங்களிடம் வழக்கம் இது: சுவிட்சை ஆஃப் செய்து, கதவைத் திறந்து, மூன்று பியூஸையும் புல்லரால் (பியூஸ் பிடுங்கும் கைப்பிடி) பிடுங்கி, டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகு, உள்ளே இறங்குகிறவன் கையிலேயே கொடுத்துவிடுவது. அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குவான். கிரஷர் பியூஸ் 200 ஆம்பியர், மூன்றும் சேர்ந்தால் பை தொங்கும் அளவுக்குக் கனம். வேலை முடிந்து அவன் மேலே ஏறி வந்து தன் கையால் திருப்பிக் கொடுக்காமல் மெஷின் ஓட வழியே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒடிசா பையன் ஒருவன் ஒவ்வொரு தடவையும், "அண்ணா, மூணும் வந்துடுச்சா?" என்று கேட்டு, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவான். எம்.சி.சி.பிக்கும் பூட்டு மாட்டும் வசதி உண்டு. ஆனால் சாவி யாரிடம் இருக்கிறது, டூப்ளிகேட் சாவி ஆபீஸ் டிராயரில் கிடக்கிறதா என்ற கேள்வியெல்லாம் பியூஸில் எழுவதில்லை. (ஜெனரேட்டர் லைன் வேறு வழியாக வருகிற இடமென்றால் அதையும் பார்க்க வேண்டும். கன்ட்ரோல் சப்ளை தனியாக வந்தாலும் அப்படியே. பியூஸைப் பிடுங்கியாச்சு என்று டெஸ்டரை மறக்கக் கூடாது.)

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். மூன்று பியூஸும் ஒன்றாகப் போவதில்லை. எனக்கு இருக்கும் கோபமெல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான்.

குழி மோட்டார் எரிந்தது இப்படித்தான். கல் உரசிக் கேபிளில் ஒரே ஒரு கோர் வெட்டுப்பட்டு, கேபிளின் இரும்புக் கவசமான ஆர்மரைத் தொட்டது. ஒரு பேஸ் பியூஸ் ஒழுங்காகத் தன் வேலையைப் பார்த்துவிட்டுப் போனது. மற்ற இரண்டும் சும்மா நின்றன. 20 எச்.பி மோட்டாருக்கு முழு லோடில் சுமார் 28 ஆம்பியர். இரண்டு பேஸில் அதே லோடை இழுத்தால் ஒன்றே முக்கால் மடங்கு, கிட்டத்தட்ட 48 ஆம்பியர். போட்டிருப்பது 63 ஆம்பியர் ஜிஜி (பொது உபயோக வகை) பியூஸ். அதன் கணக்குப்படி 79 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் போனாலும் அது அசையக் கூடாது, 101 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். 48 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கரண்டைத் தாங்க அந்த 63 தேவை, அதைக் குறைக்கவும் முடியாது.

கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே டிரிப் ஆகத்தான் செய்தது. அங்கே இருந்த நைட் ஷிப்ட் ஆள் ரீசெட்டை அமுக்கி மறுபடி ஸ்டார்ட் கொடுத்தார். இரண்டு பேஸில் நின்றுபோன மோட்டார் கிளம்பாது, 'உம்ம்ம்' என்று உறுமும், அவ்வளவுதான். டிரிப். ரீசெட். உறுமல். டிரிப். ரீசெட். விடிவதற்குள் வார்னிஷ் கருகிய வாடை குழி முழுக்க. ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஈபி வோல்டேஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் அது மோட்டாரை நிறுத்துகிறது என்று யாரோ புண்ணியவான் ஒரு துண்டு ஒயரில் அதை பைபாஸ் பண்ணி வைத்திருந்தார். எம்.சி.சி.பி என்றால் எந்த பேஸில் கோளாறு வந்தாலும் மூன்றையும் சேர்த்து இறக்கிவிடும். அந்த மோட்டார் பிழைத்திருக்கும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ஹெச்.டி (உயர் அழுத்த) லைனில் வரும் பியூஸ்களில் ஸ்ட்ரைக்கர் பின் என்று ஒன்று உண்டு. பியூஸ் போனதும் முனையிலிருந்து ஒரு ஆணி டக்கென்று வெளியே குதித்து, டிரிப் பட்டையைத் தட்டி, மூன்று பேஸையும் ஒன்றாக வெட்டிவிடும். பெரிய சுரங்கங்களில் 3.3 கேவி மோட்டார்களுக்கு வாக்குவம் கான்டாக்டரோடு சேர்த்து இதைத்தான் வைக்கிறார்கள். எங்கள் மாதிரி 415 வோல்ட் குவாரிக்கு வரும் சாதா யூனிட்டில் அதைப் பார்ப்பது அபூர்வம். நமக்குக் கிடைப்பது உடம்பில் கடுகு அளவுக்கு ஒரு சிவப்பு இண்டிகேட்டர். ஜல்லி மாவு படிந்த பேனலில் அதைப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்குள் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிடலாம்.

அதிர்வு இன்னொரு தொல்லை. கிரஷர் ஷெட்டிலேயே பேனலை வைத்தால் பியூஸ் மாட்டும் அடிக்கட்டையின் ஸ்பிரிங் கவ்வி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, அந்த இடம் சூடாகி, ஒரு கோளாறும் இல்லாமலேயே பியூஸ் போகும். அடிக்கட்டை பழுப்பு நிறமாக மாறியிருந்தால் பியூஸைக் குறை சொல்லாமல் கவ்வியை மாற்றுங்கள். போல்ட் போட்டு இறுக்கும் வகைக்கு இந்தப் பிரச்சினை குறைவு. பேனலைத் தனி ரூமுக்கு மாற்றிய பிறகு எங்களுக்கு இது நின்றது.

அப்புறம் ஸ்பேர். ஒன்று போனால் மூன்றையும் மாற்ற வேண்டும், மற்ற இரண்டும் அதே அடியில் பாதி நொந்திருக்கும் என்பது விதி. முதலாளிக்கு இதைப் புரியவைப்பது தனிக் கலை. "நல்லா இருக்கறதை எதுக்குத் தூக்கிப் போடறீங்க?" என்பார். நல்லா இருந்த அந்த இரண்டும் அடுத்த மாதம் நடுராத்திரியில் காரணமே இல்லாமல் போகும். ஸ்டோர் பூட்டியிருக்கும். அப்போதுதான் அந்தச் செம்பு ஒயர் வரும். போன எச்.ஆர்.சி பியூஸின் இரு முனையிலும் உள்ள கத்தி போன்ற தகடுகளுக்கு நடுவே ஏழு இழை ஒயரை முறுக்கிக் கட்டி, மேலே டேப் சுற்றி, பார்வைக்குப் பியூஸ் மாதிரியே மாட்டி வைத்திருந்ததை நானே பிடுங்கியிருக்கிறேன். 80 கேஏ என்ற அச்சு அப்படியே தெரிகிறது, உள்ளே மணலுக்கு வேலையில்லை.

ஆளைக் காப்பாற்றுவது பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நண்பரின் கேள்விக்குள் அதுவும் இருந்தது. ஷாக்கிலிருந்து பியூஸ் யாரையும் காப்பாற்றாது. குழி மோட்டாரின் எர்த் 5 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் பாறை நிலத்தில் அது நல்ல எர்த். ஒரு பேஸ் பாடியைத் தொட்டால் 240 வகுத்தல் 5, 48 ஆம்பியர். மறுபடி அதே 48. 63 ஆம்பியர் பியூஸ் பகல் முழுக்க அப்படியே நிற்கும், மோட்டார் பாடியில் கரண்ட் இருக்கும், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவன் அதைப் பிடிப்பான். மனுஷனை முடிக்க ஆம்பியர்கூட வேண்டாம், சில பத்து மில்லி ஆம்பியர் போதும். எங்கள் கேபிளில் பியூஸ் போனதே, ஆர்மர் வழியாக டிரான்ஸ்பார்மர் நியூட்ரலுக்கு நல்ல இணைப்பு இருந்ததால்தான். ஆகவே எர்த்துக்குக் கசியும் கரண்டைக் கண்டு லைனை வெட்டும் எர்த் லீக்கேஜ் ரிலே தனியாக வேண்டும், பியூஸ் போட்டாலும் எம்.சி.சி.பி போட்டாலும். குவாரியும் சட்டப்படி சுரங்கம்தான். டி.ஜி.எம்.எஸ் (சுரங்கப் பாதுகாப்புத் துறை) இன்ஸ்பெக்டர் வந்தால் கேட்பார் என்பதற்காக மட்டும் மாட்டி வைக்காமல், டெஸ்ட் பட்டனை அடிக்கடி அமுக்கியும் பார்க்க வேண்டும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு நண்பருக்கு நான் சொன்ன பதில்: எம்.சி.சி.பியே போட்டுவிடுங்கள். ஷார்ட்டை வெட்டுவதில் பியூஸை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, விலையும் குறைவு, அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் உங்கள் பிளான்ட் ராத்திரியும் ஓடப் போகிறது, ராத்திரிக்கு எலக்ட்ரீசியன் வைக்கப் போவதில்லை என்றும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்த இடத்தில் பியூஸ் இருந்தால் ஒரு வருஷத்தில் பாதி செம்பு ஒயராக மாறியிருக்கும். எம்.சி.சி.பி வாங்கும்போது உங்கள் டிரான்ஸ்பார்மருக்கு ஏற்ற கேஏ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கொட்டேஷனில் 10 கேஏ என்று போட்டு விலையைக் குறைத்துக் காட்டுவார்கள். கைப்பிடியில் பூட்டு மாட்டும் அட்டாச்மென்ட் தனி விலை, அதைக் கேட்டு வாங்குங்கள்.

வைண்டிங் பில் கையில் இருக்கும்போது சொன்ன பதில் இது என்று அவருக்கும் தெரியும். "அப்ப நீங்களும் மாத்தப் போறீங்களா?" என்றார். கிரஷரில் மாற்ற மாட்டேன். இறங்குகிறவன் பையில் வைத்துக்கொள்ள அங்கே ஏதாவது வேண்டும். குழி மோட்டாருக்கு மட்டும் எம்.சி.சி.பி வருகிறது, பிரிவென்டரைத் தனிப் பெட்டிக்குள் வைத்து சீல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மற்றதற்கெல்லாம் நேற்றுதான் கரூர் கடையில் அதே பியூஸ் ஆர்டர் கொடுத்தேன், மூன்று மூன்றாக. கூடவே இரண்டு புல்லரும். அதை நாமாகக் கேட்காவிட்டால் கடைக்காரர் எடுத்து வைக்க மாட்டார், நம் ஆட்கள் கட்டிங் பிளேயரால் பிடுங்க ஆரம்பித்துவிடுவார்கள்.