பழைய பள்ளி வேனில் பெட்ரோல் ஆவிக் கசிவு: பழுது பார்த்து ரெண்டு வருசம் ஓட்டிய அனுபவம்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் பழைய பெட்ரோல் வேன் என்னுடையது. ஆறு மாதப் பரிசோதனையில் புகை தேறவில்லை. ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் ரெண்டுமே எல்லை தாண்டியிருந்தன. பிளக்கும் ஏர் பில்டரும் மாற்றியும் இறங்கவில்லை. ஒரு பட்டறையில் எஞ்சினையே இறக்கணும் என்றார்கள். அந்தச் செலவுக்குத் தலையாட்டும் முன்னால் ஆவிக் குழாய்களைப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டிக்குள் பெட்ரோல் வாடையும் இருந்தது. வெயிலில் நிறுத்தி எடுத்தால் பின்சீட்டுப் பிள்ளைகள் தலைசுற்றுது என்பார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். பிள்ளைகள் உட்காரும் வண்டியில் இதைச் சும்மா விட முடியாது.

டாங்கியில் எழும் ஆவியைக் கரி கேனிஸ்டர், அதாவது கரித் துகள் நிரப்பிய டப்பா, பிடித்து வைக்கும். ஓடும்போது, மின்சாரத்தில் இயங்கும் பர்ஜ் வால்வு திறந்து, எஞ்சின் அதை இழுத்து எரித்துவிடும். வால்வு மூடாமல் நின்றால் ஐட்லிங்கிலும் ஆவி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கலவை தடித்துப் புகை அளவு ஏறும். என் வேன் மாதிரிப் பழைய வண்டிகளில் கணினியைச் செருகினாலும் இந்தக் கசிவுக்குப் பிழைக் குறியீடு எதுவும் வராது.

கண்டுபிடித்தவர் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் போர்மேன், வண்டி மெக்கானிக். புகைமானியை எக்ஸாஸ்டில் விட்டு, எஞ்சினை ஓடவிட்டு, கேனிஸ்டரிலிருந்து வரும் சின்ன ரப்பர் குழாயைக் குறட்டால் நெரித்தார். கார்பன் மோனாக்சைடு எண் என் கண்முன்னாலேயே இறங்கியது. விட்டார், திரும்ப ஏறியது. "அண்ணே, எஞ்சின்ல ஒன்னும் இல்ல, இந்த வால்வுதான்" என்றார். கழற்றித் தட்டினால் உள்ளிருந்து கருப்புக் கரித் துகள்கள் கொட்டின. கேனிஸ்டரின் உள்வலை பிய்ந்து, துகள் வந்து வால்வு வாயில் மாட்டியிருந்தது. கேனிஸ்டரைத் தூக்கிப் பார்த்தேன், பெட்ரோல் ஊறிக் கனத்தது. பம்பு 'டக்' என்று நின்ற பிறகும் அமுக்கி அமுக்கிப் பெட்ரோல் ஊற்றினால் இப்படித்தான் ஆகும்.

வாடைக்குக் காரணம் வேறு. டாங்கிக் குழாய்களுக்குள் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜனோடு புகை விட்டுப் பார்த்தார். பின் டயருக்கு மேலே, கண்ணுக்கே தெரியாத இடத்தில், மெல்லிய நூலாகப் புகை வந்தது. எலி கடித்த தடம். செம்பனைக் காட்டோரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இது புதுசில்லை. நைட்ரஜன் விடும் பட்டறையையே தேடுங்கள். ஆவி நிறைந்த டாங்கிக்குள் சாதாரணக் காற்றை அடிப்பது ஆபத்து. லைட்டரைப் பிடித்துக் கசிவு தேடுகிறவரிடம் வண்டியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கேனிஸ்டரைப் பொட்டோங் கடையில், அதாவது பழைய வண்டிகளைப் பிரித்துச் சாமான் விற்கும் கடையில், வாங்கினோம், இன்றுவரை தொந்தரவில்லை. குலுக்கிப் பார்த்து, துகள் உருளும் சத்தம் வந்தால் வேண்டாம் என்று வையுங்கள். வால்வு புதுசு. விலை குறைந்த மாற்றுச் சாமானை முதலில் போட்டோம், வருசம் திரும்பும் முன்னே ஒட்டிக்கொண்டது. அசல் போட்ட பிறகுதான் நிம்மதி. டாங்கி மூடி ரப்பரையும் அப்போதே மாற்றினோம்.

குழாய் விசயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. தண்ணீர்க் குழாய் மாதிரிப் பிளாஸ்டிக்கை மாட்டினால் பெட்ரோல் பட்டு விறைத்து விரிசல் விட்டுவிடும். மேலே 'எஸ்ஏஇ ஜே30 ஆர்7' என்று அச்சிட்ட ரப்பர்தான் ஆவிக்குச் சரி. என்னுடையது இன்னும் வளைத்தால் வளைகிறது.

அதற்குப் பிறகு வந்த பரிசோதனைகளில் புகை ஒருமுறைகூடத் தவறவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் எஞ்சினை அணைத்து, வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்க்கிறேன். மின்சாரம் இல்லாதபோது காற்று கடக்கக் கூடாது. எலிக்காக அந்தக் குழாய் மேல் கம்பிவலை சுற்றியிருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் வலை துருப்பிடிக்கும், அப்போது மாற்ற வேண்டியிருக்கும்.