‘ஆயிரம் பேர் வெயிட்லிஸ்ட்’ பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

புதுப் பொருள் இறக்கப்போகும் சிறு உற்பத்தியாளர்களைக் குறிவைத்து ஒரு பேக்கேஜ் விற்கிறார்கள். “30 நாளில் 1,000 பேர் வெயிட்லிஸ்ட், டிமாண்ட் இருக்கிறது என்று நிரூபித்துத் தருகிறோம்.” வெயிட்லிஸ்ட் என்றால் பொருள் வந்ததும் வாங்கக் காத்திருப்பவர்களின் பட்டியல். ஒரு லேண்டிங் பேஜ் (விளம்பரத்தைத் தட்டினால் திறக்கும் பக்கம்), கொஞ்சம் விளம்பரம், மாதக் கடைசியில் ஒரு எக்செல் ஷீட். அந்த ஷீட்டை நம்பிப் பொருளை வார்க்கும் மோல்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தால், கடை திறந்த பிறகுதான் ஆள் வராதது தெரியும். ஷீட்டில் 1,000 வரி இருப்பது நிஜம்தான். ஆனால் விலையைப் பார்த்துவிட்டுப் பெயர் கொடுத்தவர் அதில் ஒருவர்கூட இருக்கமாட்டார். அங்கேதான் மோசடி.

எண்ணிக்கையை ஏற்றுவது சுலபம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்குள்ளேயே திறக்கும் ஃபார்மில் பெயரும் போன் நம்பரும் தானாக நிரம்பிவிடும். இரண்டு தட்டு, வேலை முடிந்தது. பதிவு செய்ததே பலருக்கு நினைவிருக்காது. அதே ஃபார்மில் ‘மோர் வால்யூம்’, ‘ஹையர் இன்டென்ட்’ என்று வகைகள் உண்டு. இரண்டாவதில் விவரத்தைச் சரிபார்த்து உறுதி செய்யும் படி ஒன்று கூடுதலாக வரும், ஆட்கள் குறைவார்கள். தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்குபவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

அடுத்தது, “நண்பரைச் சேர்த்தால் வரிசையில் முன்னேறலாம், பரிசும் உண்டு.” பரிசுக்காகத் தன் முகவரியையே மாற்றி மாற்றிப் பதிபவர்கள் உண்டு. ஜிமெயில் முகவரியில் புள்ளியை எங்கே வைத்தாலும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். ஷீட்டிலோ ஒரே ஆள் பத்துப் பேராக நிற்பார்.

அதனால் அழகுபடுத்திய ரிப்போர்ட் வேண்டாம். பதிவான நேரம், எந்த விளம்பரத்திலிருந்து வந்தார், லேண்டிங் பேஜில் பதிந்தவர் என்றால் ஐபி முகவரி (எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தார் என்பதைக் காட்டும் எண்) எல்லாம் உள்ள மூலக் கோப்பைக் கேளுங்கள். நடுராத்திரியில் பத்து நிமிடத்துக்குள் அறுபது பதிவு என்றால் ஆள் யார் என்று ஊகிக்கலாம். பிறகு குலுக்கல் முறையில் 30 பேரை எடுத்து, ஏஜென்சியை விட்டு அல்ல, நீங்களே போன் செய்யுங்கள். “எந்தப் பொருளுக்குப் பெயர் கொடுத்தீர்கள்?” என்ற ஒரு கேள்வி போதும்.

விலை விஷயத்தில் அடி இன்னும் பலமாக விழும். ‘கூலஸ்ட் கூலர்’ என்ற ஐஸ்பெட்டிக்கு 2014-ல் கிக்ஸ்டார்ட்டரில் (பொருள் தயாராகும் முன்பே மக்களிடம் பணம் திரட்டும் தளம்) 62,000-க்கும் மேற்பட்டவர்கள் 1.3 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள். டிமாண்டில் குறையே இல்லை. 185 டாலர் என்று வைத்த விலைக்கு அதைச் செய்து அனுப்ப முடியவில்லை; சீக்கிரம் வேண்டுமென்றால் இன்னும் 97 டாலர் கட்டுங்கள் என்று முன்பே காசு கொடுத்தவர்களிடமே கேட்டார்கள். 2019-ல் கம்பெனியை மூடியபோது ஆயிரக்கணக்கானோருக்குப் பெட்டி போய்ச் சேரவில்லை. அடக்கவிலை கைக்கு வராமல் வெயிட்லிஸ்டில் விலை போடுவது இப்படித்தான் முடியும்.

“எவ்வளவு கொடுப்பீர்கள்?” என்று சர்வே எடுத்துப் பயனில்லை, வாய் தாராளமாகச் சொல்லும். சமூக ஊடகப் பதிவுகளை நேரம் குறித்து வெளியிட உதவும் ‘பஃபர்’ சேவையைத் தொடங்கிய ஜோயல் கேஸ்கோயின் 2010-ல் செய்தது எளிமையானது: முதல் பக்கத்துக்கும் மின்னஞ்சல் கேட்கும் பக்கத்துக்கும் நடுவே ஒரு விலைப் பக்கத்தைச் செருகினார். அதையும் தாண்டி வந்தவர்களைத்தான் கணக்கில் வைத்தார்.

உதாரணத்துக்கு, தேங்காய் துருவும் மின்கருவி ஒன்று. கூரியர், கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) கமிஷன் உட்பட அடக்கம் 900 ரூபாய். ஒரே விளம்பரம், ஒரே நாட்கள், மூன்று விலைப் பக்கம், பக்கத்துக்கு 200 பேர். 1,499-க்கு 12 புக்கிங் வந்தால் மிச்சம் 7,188. 1,999-க்கு 10 என்றால் 10,990. 2,499-க்கு 5 என்றால் 7,995. அதிகம் பேர் வந்த விலைதான் இதில் குறைவாகத் தருகிறது. ஆனால் 12-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். பக்கத்துக்கு இன்னொரு 500 பேராவது பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். ஒருவருக்கே இரண்டு விலை காட்டிவிடவும் கூடாது. ஸ்க்ரீன்ஷாட் வாட்ஸ்அப்பில் சுற்றினால் பெயர் கெடும்.

புக்கிங் என்றால் காசு. 99 ரூபாயோ 199 ரூபாயோ, கேட்டதும் திருப்பித் தரும் தொகை. பொருள் இன்னும் தயாராகவில்லை என்பதையும், எந்தத் தேதிக்குள் வராவிட்டால் பணம் தானாகத் திரும்பும் என்பதையும் பட்டனுக்கு மேலேயே எழுதுங்கள். அந்தக் காசைத் தனிக் கணக்கில் வையுங்கள், சரக்கு வாங்கத் தொடாதீர்கள்.

ஏஜென்சி வைத்தே தீரவேண்டுமென்றால் டொமைனும் (இணையதள முகவரி) விளம்பரக் கணக்கும் கேட்வேயும் உங்கள் பெயரில் இருக்கட்டும். அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். அவர்கள் கணக்கில் ஓட்டினால், பிரியும் நாளில் லிஸ்டும் விளம்பரத் தரவும் அவர்களோடு போய்விடும். கட்டணத்தில் பாதியையாவது பணம் கட்டிய புக்கிங்கோடு முடிச்சுப் போடுங்கள். “அது எங்கள் பாலிசி இல்லை சார்” என்று அந்த இடத்தில் இழுத்தால், அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடலாம்.