வங்கிச் செயலி உள்ளே விடாதபோது: சில வருட அனுபவம்

2019லிருந்து ஒரே வங்கியின் செயலியைத்தான் பயன்படுத்துகிறேன். என் போனில் மட்டுமில்லை, அப்பா போனிலும் கோபியில் இருக்கும் அத்தை போனிலும் அதுதான். உள்ளே போய்விட்டால் குறையில்லை. பணம் அனுப்புவது, பாஸ்புக் பார்ப்பது, வைப்புத்தொகை போடுவது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நுழைவதில்தான் சிக்கல். ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயலவும்’ என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல கோளாறுகளை இந்தச் செயலி சொல்கிறது. மொழியைத் தமிழுக்கு மாற்றி வைத்தாலும் பிழைச் செய்தி மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். அத்தை அதைப் படிக்க முடியாமல் போட்டோ எடுத்து அனுப்புவார்.

வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் முதலில் வரும் பதில், “ஆப்பை டெலீட் பண்ணிட்டு மறுபடி போடுங்க சார்.” இதை நான் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன். செயலியை நீக்கினால் அந்தப் போனுக்கும் கணக்குக்கும் இருந்த இணைப்பும் போய்விடுகிறது. மறுபடி சிம் சரிபார்ப்பு, டெபிட் கார்டு விவரம், புது எம்பின் (செயலிக்குள் நுழையும் ரகசிய எண்) என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் வங்கியில், புதிதாகப் பதிவு செய்த பிறகு ஒரு நாள் வரை பணம் அனுப்பும் வரம்பும் குறைந்துவிடும். கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசி நாளில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் கோளாறு சிம்மிலா, போனிலா, ரகசிய எண்ணிலா, வங்கியின் சர்வரிலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதிகம் படுத்துவது சிம் சரிபார்ப்பு. பதிவு செய்யும்போது செயலி நம் சிம்மிலிருந்து வங்கிக்குத் தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்புகிறது. அது எந்த எண்ணிலிருந்து வந்தது என்பதை வைத்துத்தான் வங்கி நம்மை அடையாளம் காண்கிறது. அந்த எஸ்எம்எஸ் போகவில்லை என்றால் எத்தனை தடவை அமுக்கினாலும் ‘சரிபார்ப்பு தோல்வி’தான். ஏன் போகவில்லை? ரீசார்ஜ் முடிந்திருக்கலாம். குறைந்த விலைத் திட்டங்கள் சிலவற்றில் எஸ்எம்எஸ் வசதியே கிடையாது, பேசவும் நெட் பார்க்கவும் முடிவதால் நமக்குச் சந்தேகமே வராது. இரண்டு சிம் போட்ட போனில் வங்கியில் பதிவான எண் ஒரு பக்கம் இருக்க, எஸ்எம்எஸ் இன்னொரு சிம்மிலிருந்து போயிருக்கலாம். அப்பா போனில் இருந்த கோளாறு இதுதான். இரண்டாவது சிம்மைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு, வைஃபையையும் நிறுத்தி மொபைல் டேட்டாவில் பதிவு செய்ததும் ஒரே தடவையில் முடிந்தது. முதலில் ஒரு சாதாரண எஸ்எம்எஸ்ஸை வீட்டில் யாருக்காவது அனுப்பிப் பாருங்கள். அதுவே போகவில்லை என்றால் வங்கியைக் குறை சொல்லிப் பயனில்லை.

சிம் தொலைந்தோ பழுதாகியோ அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கியவர்களுக்கு வேறொரு விஷயம் உண்டு. தொலைத்தொடர்புத் துறையின் விதிப்படி, புது சிம் இயங்கத் தொடங்கிய முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. நம் எண்ணில் வேறு யாரோ சிம் வாங்கி, ஓடிபியைப் பிடித்துப் பணத்தை எடுக்கும் மோசடியைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், சிம் கடைக்காரர் வாங்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் பலருக்கு அலைச்சல் மிச்சம்.

ஓடிபி தாமதமாக வருவது இன்னொரு தொல்லை. “ஏங்கண்ணு, நாலு நம்பர் வந்திருக்குது, எதைப் போட்டாலும் தப்புங்குது” என்று அத்தை போன் செய்வார். ஓடிபியை மறுபடி கேட்டால் முன்பு அனுப்பியது செல்லாமல் போவதுதான் வழக்கம். பொறுமையில்லாமல் அடுத்தடுத்து அமுக்கும்போது, தாமதமாக வந்து சேரும் பழைய எண்ணை நாம் புதியது என்று நினைத்துப் போடுகிறோம். “அத்தை, கையை எடுத்துடுங்க. கொஞ்ச நேரம் எதையும் அமுக்காதீங்க, அப்புறமா ஒரே ஒரு தடவை கேளுங்க” என்பதுதான் நான் சொல்லும் வைத்தியம். பெரும்பாலும் பலிக்கிறது. எஸ்எம்எஸ் செயலியின் ஸ்பாம் பகுதியையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

கைரேகை வைத்து நுழைபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போனில் புதிதாக ஒரு விரலைப் பதிவு செய்தால், பல வங்கிச் செயலிகள் கைரேகை நுழைவைத் தாமாகவே ரத்து செய்துவிட்டு எம்பினைக் கேட்கின்றன. யாரோ ஒருவர் தன் விரலைச் சேர்த்துக்கொண்டு நம் கணக்கைத் திறந்துவிடக் கூடாது என்பதால் ஆண்ட்ராய்டிலேயே அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. பேரப்பிள்ளை விளையாட்டாகத் தன் விரலைச் சேர்த்துவிட்டால், மாதக்கணக்கில் எம்பினைத் தொடாத தாத்தாவுக்கு அந்த நேரத்தில் அது நினைவுக்கு வராது. அப்பாவை அவ்வப்போது கையால் எம்பின் போட்டு நுழையச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது: “எந்தப் பின்னைப்பா கேக்குது?” ஏடிஎம் பின், செயலியின் எம்பின், யுபிஐ பின் மூன்றும் தனித்தனி. இதைச் செயலி திரையில் தெளிவாகக் காட்டுவதில்லை. தப்பான எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும். அப்போது திறக்கும் நேரம் வரை காத்திருப்பதே மேல், மேலும் மேலும் முயன்றால் சிக்கல் நீளும்.

போனின் அமைப்புகளும் குறுக்கே வரும். டெவலப்பர் ஆப்ஷன் (மென்பொருள் எழுதுபவர்களுக்கான போன் அமைப்பு), விபிஎன் (நம் இணையத் தொடர்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் வசதி), திரையைப் பகிரும் செயலி இவற்றில் ஏதாவது ஒன்று இயங்கினாலும் சில வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கின்றன. திரைப் பகிர்வுக்கான தடை, அதன் மூலம் பணம் பறித்த கும்பல்களால் வந்தது. காரணத்தைச் சொல்லி மறுத்தால் மனிதர் புரிந்துகொள்வார். எங்கள் வங்கிச் செயலியோ சில நேரம் ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொள்கிறது. இது எனக்கு உண்மையிலேயே கோபம் தரும் இடம். பாதுகாப்புக்காக மறைக்கிறார்கள் என்றால், ‘விபிஎன்னை அணைக்கவும்’ என்று சொல்வதால் எந்தத் திருடனுக்கு என்ன லாபம்?

சில நாட்களில் நம் பக்கம் எந்தத் தவறும் இருக்காது. 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாட்களில் நாடு முழுக்க யுபிஐயே தடுமாறியது. மார்ச் முடிந்து ஏப்ரல் பிறக்கும்போது வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு வேறு. அக்கம்பக்கத்தில் அதே வங்கிக்காரர் ஒருவரைக் கேட்டு, அவருக்கும் திறக்கவில்லை என்றால் போனைக் கீழே வைத்துவிடுகிறேன்.

அந்த மாதிரி பதற்றத்தில்தான் பலர் கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடி, போலி எண்ணில் மாட்டிக்கொள்கிறார்கள். டெபிட் கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண் போதும். பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும்.

வங்கிக்கு இல்லாவிட்டாலும், மின்னஞ்சல் போன்றவற்றுக்கு, நுழைவு எண்ணைப் போனிலேயே உருவாக்கித் தரும் அத்தென்டிகேட்டர் செயலி வைத்திருக்கிறேன். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண் அதில் வரும். அதற்கு சிம்மும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம், போனின் கடிகாரம் சரியாக இருந்தால் போதும். ‘தவறான எண்’ என்று வந்தால் முதலில் தேதி, நேர அமைப்பைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். நேரத்தைக் கையால் மாற்றி வைத்த போன்களில் இது அடிக்கடி நிகழ்கிறது. கூகுள் அத்தென்டிகேட்டரில் 2023 ஏப்ரலிலிருந்துதான் அதிலுள்ளவற்றை நம் கூகுள் கணக்கோடு சேமித்துவைக்கும் வசதி வந்தது. அந்த வசதியை இயக்காதவர்கள் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன், அதிலுள்ள எண்களைக் க்யூஆர் மூலம் புதுப் போனுக்கு மாற்றி, ஒவ்வொரு கணக்கிலும் ஒரு தடவை நுழைந்து பார்த்துவிடுங்கள். அதன் பிறகு பழைய போனை அழித்துக் கொடுக்கலாம். போன் கைவசம் இல்லாதபோது நுழைய அந்தந்தத் தளம் தரும் மீட்பு எண்களைக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன்.