மாருதி 800-க்கு மாற்று இன்ஜின்: கடலோரத்தில் நெடுநாள் ஓட்டிய அனுபவம்

கார்புரேட்டர் மாருதி 800-க்கு அதே ரகப் பழைய இன்ஜினை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். கடலூர்–புதுச்சேரி தினசரி ஓட்டத்துக்கு அது நன்றாகவே தாங்குகிறது. ஆனால் எத்தனை வருடம் தாங்கும் என்பது, பெரும்பாலும் இன்ஜின் செயின் புளாக்கில் (சங்கிலித் தூக்கியில்) தொங்கும்போதே முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் மாற்றாமல் விட்ட ஒரு சின்ன ஆயில் சீலுக்காக (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்துக்காக) பின்னால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டி வரும்.

வாங்கும்போதே கவனம் வேண்டும். தேவை 796 சிசி, மூன்று சிலிண்டர் எஃப்8பி ரக இன்ஜின், அதுவும் கார்புரேட்டர் வண்டியிலிருந்து வந்தது. எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் மூலம் பெட்ரோல் தெளிக்கும்) இன்ஜின் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதற்கு ஈசியூ என்ற கட்டுப்பாட்டுக் கணினி, வயரிங், டேங்குக்குள் பெட்ரோல் பம்ப் என்று தனிக் குடும்பமே கூட வர வேண்டும். ஆம்னி இன்ஜினும் இதே குடும்பம்தான், ஆனால் அதில் இன்ஜின் நீளவாக்கில் உட்காரும். அதனால் சம்ப் (அடி ஆயில் தொட்டி), மேனிஃபோல்டு (காற்று, புகைக் குழாய்த் தொகுப்பு) போன்றவற்றை உங்கள் வண்டியின் பழைய இன்ஜினிலிருந்து மாற்ற வேண்டிவரும்.

2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று இந்தப் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகள் நிறைய. இன்ஜினை வெளியே கழுவிப் பளபளப்பாக வைத்திருப்பார்கள். ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளைகளிலும், டைமிங் பெல்ட் கவரின் உட்புற மூலையிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த சேறு மெல்லிய படலமாக ஒட்டியிருந்தால் திரும்பி வந்துவிடலாம். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போலப் படிந்திருந்தாலும் அப்படியே. பிறகு தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உப்பான போர்வெல் தண்ணீர் ஊற்றி ஓட்டிய இன்ஜினில் ஹோஸ் மாட்டும் அலுமினியக் கழுத்து வெள்ளைப் பொடி பூத்துக் குழிகுழியாக இருக்கும். அதில் கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் ஹோஸ் கசியும்.

கடையிலேயே கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, ஸ்டார்ட்டரில் சுற்ற வேண்டும். சிலிண்டர்களுக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் பேக்கிங். வால்வு என்றால் ஹெட்டை மட்டும் இறக்கிச் சரிசெய்யலாம். ரிங் என்றால் அந்த இன்ஜினே வேண்டாம்.

கழற்றும் வேலையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பேட்டரி, ரேடியேட்டர், கேபிள்கள், சைலன்சர் பைப், கியர் ராடு எல்லாம் கழன்ற பிறகு, ஒரு டன் செயின் புளாக்கில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே எடுப்பது நல்லது. ஆக்சிலை உருவும் முன் கியர் ஆயிலை வடித்துவிடுங்கள். இரும்பு முக்காலி வேண்டும், ஷெட்டின் கூரைக் குழாயில் தொங்கவிடுவது உயிருக்கு ஆபத்து. கடலோர வண்டியில் சைலன்சர் நட்டுகள் துருவில் பிடித்திருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிடாவிட்டால் ஸ்டட் உடைந்து, வெல்டிங்கும் டிரில்லிங்குமாக ஒரு நாள் போய்விடும்.

இன்ஜின் வெளியே இருக்கும்போது மாற்ற வேண்டியவை: கிராங்க்கின் முன், பின் ஆயில் சீல்கள், கேம் சீல், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஆக்சில் சீல் இரண்டு, மவுண்ட் ரப்பர்கள். வாங்கிய இன்ஜினோடு வந்த டைமிங் பெல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விற்றவருக்கே தெரியாது.

கியர்பாக்ஸைச் சேர்க்கும் இடத்தில்தான் அவசரம் கெடுக்கிறது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேர்கோட்டில் நிறுத்தும் டவல் பின்கள் கழற்றிய இன்ஜினிலேயே தங்கிவிடுவது சகஜம், அவற்றைத் தட்டி எடுத்து மாற்று இன்ஜினில் ஏற்ற வேண்டும். அவை இல்லாமல் பூட்டினால் கிளட்ச் விடும்போது வண்டி உதறும், நாளடைவில் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கும் போகும். விரல் அளவு இடைவெளி மிச்சம் இருக்கையில் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பல் கிளட்ச் பிளேட்டில் இறங்கவில்லை என்று அர்த்தம். இழுத்தால் பிளேட்டின் நடுப்பகுதி வளையும், அல்லது கியர்பாக்ஸின் காது உடையும்.

உட்கார்த்திய பிறகு, சாவி போடும் முன்பு எர்த் வயரைப் பாருங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள அந்தப் பின்னல் வயர் உப்புக் காற்றில் பச்சை பூத்து இற்றுப் போயிருக்கும், அல்லது மாட்டவே மறந்திருக்கும். அப்போது ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் முழுவதும் ஆக்சிலரேட்டர், கிளட்ச் கேபிள்கள் வழியாகத் திரும்பும். கேபிளின் உறை உருகிப் புகை வரும். ஸ்டார்ட்டர் பழுது என்று நினைத்து அதை மாற்றியவர்கள் உண்டு. புது வயர் போட்டு, தொடும் இடத்தை உலோகம் தெரியும்வரை தேய்த்து, முறுக்கிய பின் மேலே கிரீஸ் தடவினால் பல மழைக்காலம் தாங்குகிறது.

முதலில் பிளக் இல்லாமல் ஆயில் லைட் அணையும்வரை சுற்றி, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபயரிங் வரிசை (சிலிண்டர்களில் பிளக் பொறி வரும் வரிசை) 1-3-2. கார்புரேட்டரில் பட்டாசு மாதிரி வெடித்தால் முதலில் பிளக் வயர்களைத்தான் பார்க்க வேண்டும். கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் கலந்து, ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, ஃபேன் ஓடும்வரை ஐடிலில் விட்டால் காற்று வெளியேறும். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, டேப்பட்டையும் (வால்வு இடைவெளியையும்) சரிபார்த்துவிடுங்கள்.

நெடுநாள் ஓட்டத்தில் இப்படிச் செய்த இன்ஜின் தொந்தரவு தருவது அபூர்வம். டேப்பட் கவர் பேக்கிங் லேசாக வியர்க்கும், அதை மாற்றினால் போதும். இப்போதைய தலைவலி 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ்களும் மெக்கானிக்கல் பம்ப்பின் டயாஃப்ரமும் அதில் உப்பி வெடிக்கின்றன. எத்தனால் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்குங்கள். வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரை வற்றவிட்டு வையுங்கள்.

காகித வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, முன் அனுமதி இல்லாமல் இன்ஜின் மாற்றினால் 14 நாட்களுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) புது இன்ஜின் நம்பரைப் பதிய வேண்டும். புதுச்சேரியில் வாங்கி டிஎன்-31 (கடலூர்ப் பதிவு) வண்டியில் போட்டாலும் இதுதான் சட்டம். அதனால் இன்ஜின் நம்பர் எழுதிய ரசீதும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆர்.சி. நகலும் கொடுக்காத கடையில் முன்பணம்கூடத் தர வேண்டாம். 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது, பிளாக்கில் அடித்திருக்கும் அந்த நம்பரைத்தான் முதலில் துடைத்துப் பார்ப்பார்கள்.