கோடை ஃபெலோஷிப்பா, கல்லூரியிலேயே ஓராண்டு ப்ராஜெக்ட்டா?

பி.எஸ்சி. இயற்பியலில் இரண்டாம் ஆண்டு வந்ததும் இந்தக் கேள்வி வந்துவிடும். மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடை ஃபெலோஷிப்புக்கோ டி.ஐ.எஃப்.ஆர். (மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம்) மாதிரி இடத்துக்கோ விண்ணப்பித்து இரண்டு மாதம் போய்வருவதா, சொந்தக் கல்லூரியில் ஒரு பேராசிரியரிடம் வருடம் முழுக்க ஒரே ப்ராஜெக்ட் செய்வதா? நான் இரண்டாவதை எடுத்தேன். இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கோடையின் லாபங்கள் தெரிந்தவைதான். உதவித்தொகை, நல்ல கருவிகள், பிற்பாடு விண்ணப்பங்களில் எடுபடும் பெயர். அதெல்லாம் நிஜம்.

ஆனால் விடை தப்பாக வரும்போதுதான் ஆராய்ச்சி பிடிபட ஆரம்பிக்கிறது, அதற்கு நாள் வேண்டும். எங்கள் வேலை, விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது உண்டாகும் மியூவான் என்ற நுண்துகள்களின் ஆயுளை அளப்பது. வெளி ஒளி புகாமல் கறுப்பு டேப் சுற்றிய, துகள் பாய்ந்தால் மினுங்கும் பிளாஸ்டிக் சிண்டிலேட்டர், அதோடு ஒட்டி அந்த ஒளியை மின்துடிப்பாக மாற்றும் ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய், அவ்வளவுதான். தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் விழும், எங்களுக்கோ அதைப்போலப் பல மடங்கு கவுண்ட் வந்தது. சார் வந்து பார்த்துவிட்டு, "டியூப்லைட்டை அணைச்சுப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். அணைத்ததும் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. டேப்பில் எங்கோ ஒளி கசிகிறது. எங்கே என்று அவர் சொல்லவில்லை, இருட்டில் மங்கலான டார்ச்சை ஓரம் ஓரமாகக் காட்டி நாங்களே கண்டுபிடித்தோம்.

அப்புறம் சிண்டிலேட்டருக்குள்ளேயே நின்று சிதையும் மியூவான்கள் கொஞ்சம்தான் என்பதால் டேட்டா சேரவே வாரக்கணக்கில் ஆனது. வந்த ஆயுள் 2.1 மைக்ரோ நொடிக்குப் பக்கம், புத்தகத்தில் 2.197. கிட்டத்தட்ட சரி என்று எழுதி முடித்திருக்கலாம், சார் விடவில்லை. "ஏன் கம்மியா வருது, ஏன் கூட வரல?" எதிர் மின்னூட்டம் உள்ள மியூவான்களில் சிலவற்றைச் சிண்டிலேட்டரில் இருக்கும் கார்பன் அணுக்கருக்கள் பிடித்துக்கொள்கின்றன, அவை சீக்கிரம் மறைவதால் மொத்தத்தின் சராசரியும் இறங்குகிறது. இந்தப் பதிலை நாங்களாகவே தேடி எட்டவும், டேட்டாவை மறுபடி எடுத்துச் சரிபார்க்கவும் ஒரு செமஸ்டரின் பெரும்பகுதி போனது. இரண்டு மாதத்தில் இதற்கு இடமே கிடையாது.

கோடைக்குப் போன தோழிக்கு முதல் வாரங்கள் கட்டுரை படிப்பதிலும் புரோகிராமை ஓட வைப்பதிலும் போயின, முதல் வரைபடம் சரியாக வந்த நேரத்தில் அறிக்கை கொடுக்கும் நாளும் வந்துவிட்டது. இது ஒருத்தியின் அனுபவம், எல்லா இடமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். கோட்பாட்டு இயற்பியலோ, தயாராக இருக்கும் தொலைநோக்கி டேட்டாவை அலசும் வேலையோ இரண்டு மாதத்துக்குள் அடங்கலாம், நான் செய்து பார்த்ததில்லை.

கல்லூரியில் ஆர்வமுள்ள கைடு இல்லையென்றால் யோசிக்காமல் கோடைக்கு விண்ணப்பியுங்கள். இருந்தால், சேரும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் லேபுக்கு வந்து எங்களோடு உட்காருவீர்கள்? இரண்டும் வேண்டும் என்பவர்கள் மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இளநிலை மாணவர்களுக்கு நடத்தும் என்.ஐ.யு.எஸ். திட்டத்தைப் பாருங்கள். அதில் விடுமுறைகளில் போய் வேலை செய்து, ஒரே ப்ராஜெக்டை ஒன்றிரண்டு வருடம் தொடரலாம்.